எள் சேர்க்காத பந்தல்

குணவதி அக்காவின் கை அரிசியைக் கண்டால் சும்மா இருக்காது. அளந்து போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்துவிடும். வீட்டில் உலை வைக்கும்போதும் அப்படித்தான், எலிகளுக்குத் தீனி அரைக்கும்போதும் அப்படித்தான். நான்கு வருடம் அவரோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்தும் இந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்தக் கட்டடம் கெலுகோர் மேட்டில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடம். மேல் மாடிகளில் கணினிகளும் கண்ணாடிக் குழாய்களும் எங்களைப் போன்றவர்களும். கீழ்த் தளத்தில் எலிகள். அவற்றின் அறைகளுக்குப் பக்கத்தில் தீனி அறை. ஒரு தராசு, ஓர் அரவை இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, குணவதி அக்கா. மூட்டைகளில் வரும் அரிசியை நிறுத்து, அரைத்து, சத்துப் பொடிகள் கலந்து, உருண்டையாக்கி உலர்த்தி, கூண்டு எண்படி பெட்டிகளில் அடுக்குவது அவர் வேலை. நிறுத்தது போக மிஞ்சும் அரிசி மஞ்சள் பையில் போகும். அதை நீராவியில் வேகவைத்துக் கட்டி வைத்தால், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு லாரி வந்து எரிப்பதற்கு எடுத்துப்போகும்.

எலிகளோடு தமிழில்தான் பேசுவார். "பதிமூனு, இன்னைக்கு என்ன மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு?" என்று கூண்டைத் தட்டுவார். என்னைப் பார்த்தால், "பாருங்க தம்பி, எலிக்கு ரூமு, ஏர்கோன், டாக்டரு எல்லாம் இருக்கு. அடுத்த பிறவில கெலுகோர்ல எலியா பொறக்கணும்லா" என்பார்.

பட்டர்வொர்த்தில் ரயில்வே ஊழியர் ஒருவருக்கு நான்காவது மகளாகப் பிறந்தவர். பதினேழு வயதில் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். தலைமுடியைவிட மெல்லிய கம்பி சில்லுகளில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடம் அதே நாற்காலி. அந்தத் தொழிற்சாலையின் பேருந்தை ஓட்டிய தயாளனைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். தயாளன் மாரடைப்பில் போன அதே வருடம் தொழிற்சாலையும் அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டது. சில வருடங்கள் வீடு கழுவும் வேலை. பிறகு எலிகள்.

பிடி அரிசியை அவர் அம்மாவிடமிருந்து கற்கவில்லை, மாமியாரிடமிருந்தும் கற்கவில்லை. மகள் லோகேஸ்வரி பிழைத்த நாளில் தானாகவே ஏற்றுக்கொண்ட நேர்த்தி அது. லோகேஸ்வரிக்கு அப்போது ஆறு வயது. பக்கத்து வீட்டில் கொடுத்த எள்ளுருண்டையில் பாதியைக் கடித்தாள். மீதிப் பாதி கையிலிருக்கும்போதே உதடு வீங்கியது, கண் மூடியது, மூச்சு விசில் அடித்தது. தயாளன் தொழிற்சாலைப் பேருந்திலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாற்பது பெண்களோடு. பிள்ளை பிழைத்தால் வாழ்நாள் முழுக்க உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசி தண்ணீர்மலை முருகனுக்கு என்று குணவதி அக்கா அந்தப் பேருந்தில் நின்றுகொண்டே வேண்டினாராம். சேரும் அரிசி தைப்பூசத்தன்று பக்தர்களுக்குச் சோறு போடும் தண்ணீர்ப் பந்தலுக்குப் போகும். அதுவரை அரிசி சேரும் பானையில் எதற்காகவும் வீட்டார் கை வைக்கக் கூடாது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் எள் வந்ததில்லை. நல்லெண்ணெய் இல்லை, எள்ளுப்பொடி இல்லை, சனிக்கிழமைக் கோயிலில் எள் விளக்கு ஏற்றுபவர்கள் பக்கம்கூடப் போகமாட்டார். வெளியே சாப்பிட்டால் கடைக்காரர்களுக்குத்தான் திண்டாட்டம். சூலியா தெருவில் ஹபீபா பீவியின் சாப்பாட்டுக் கடைக்கு ஒருமுறை அவரோடு போனேன். வாசலில் கால் வைத்ததுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எள்ளம்மா வந்தாச்சி! டப்பாவெல்லாம் ஒளிச்சி வைங்கப்பா!"

"சிரிங்க பீவி, நல்லா சிரிங்க. போன வாரம் புதுசா ஒரு சாஸ் இறக்கினீங்களாமே. பாட்டில காட்டுங்க."

"அட, அது சோயாலா."

"சோயாவா இருக்கட்டும். பாட்டில காட்டுங்க."

"எம் மருமவகூட என்ன இவ்வளவு சந்தேகப்பட்டதில்ல." பீவி முனகிக்கொண்டே பாட்டிலை எடுத்து நீட்டினார். குணவதி அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து, கொசுவைவிடச் சின்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு திருப்பி வைத்தார். "சரி, ஊத்துங்க. இருபத்திரண்டு வருஷம் கம்பி பார்த்த கண்ணு பீவி இது. ஏமாத்த முடியாது."

பந்தலும் அப்படித்தான் பெயர் பெற்றது. தயாளனோடு பேருந்து ஓட்டிய பிச்சைமுத்து அண்ணன் நடத்தும் பந்தல் அது, தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் மழைமரத்தடியில் போடுவார். ஒன்பது வருடங்களுக்கு முன் குணவதி அக்கா அங்கே சமையலைக் கையில் எடுத்தபோது முன்னால் ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னார். 'இங்கே எள், நல்லெண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை.' கீழே அதையே மலாயிலும் எழுதியிருந்தது. முதல் வருடம் எல்லோரும் கேலி செய்தார்கள். மூன்றாம் வருடம் கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பலகையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இப்படிப் பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது என்று பிச்சைமுத்து அண்ணன் என்னிடம் சொன்னார்.

இனி அந்த அரிசி.

போன வருடம் ஏப்ரலில் புதிய ஆய்வு ஒன்று தொடங்கியது. சோறு மட்டுமே பிரதானமாகத் தின்று வளரும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் போதாமல் போகிறது. அரிசியில் அது குறைவு. எள்ளில் நிறைய இருக்கிறது. எள் விதை தன் புரதம் ஒன்றைச் செய்துகொள்ளும் மரபணுவை எடுத்து நெல்லுக்குள் வைத்தால்? வைத்துவிட்டார்கள். எங்கோ ஒரு மூடிய கண்ணாடிக் கூடத்தில் அந்த நெல் விளைந்து, குத்தி அரிசியாகி, வெள்ளை மூட்டைகளில் எங்களிடம் வந்தது. மூட்டையில் ஏழு என்ற எண் மட்டும்தான் இருக்கும். எலிகள் அதைத் தின்று எப்படி வளர்கின்றன என்று பார்ப்பது எங்கள் பங்கு. மனிதர்களில் யாருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று பார்ப்பது அடுத்த கட்டம், அது இன்னும் தொடங்கவில்லை. நல்ல நோக்கம். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேலை தொடங்கும் முன் ஊழியர் எல்லோருக்கும் ஒரு விளக்கக் கூட்டம். ஆய்வாளர் நூருல் திரையில் காட்டிப் பேசினாள். பாதி ஆங்கிலம், பாதி மலாய். வெளியே கொண்டுபோகக் கூடாது, உண்ணக் கூடாது, மிச்சத்தை எரிக்க வேண்டும். எள்ளின் பெயரும் திரையில் இருந்தது, லத்தீனில், சாய்வெழுத்தில். எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். கலைந்து போகும்போது குணவதி அக்கா என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அந்த அரிசில மருந்து கிருந்து போட்டிருக்காங்களா?"

"மருந்தெல்லாம் ஒன்னும் இல்லக்கா. அரிசிதான். சத்து கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் எரிக்கிறாங்க?"

"ரூல்ஸ் அக்கா."

அவர் தலையாட்டினார். இத்தனை சிக்கலான விஷயத்தை ஒரே வரித் தமிழில் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. திருச்சியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் படித்தவன் நான். இரண்டிலும் யாருக்கும் எதையும் விளக்கிவிட முடியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு.

எலியின் பங்கில் அவர் ஒரு மணி குறைத்ததில்லை. நிறுத்தது போக மிச்சத்தில்தான் கை போனது. மஞ்சள் பையை நீராவிக்குள் தள்ளும் முன் ஒரு பிடி. மருந்து இல்லாத, சத்து கூடின, வெள்ளைவெளேரென்ற அரிசி வெந்து எரிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு அரவை, இரண்டு பிடி. மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் முருகன் பானையில் கொட்டினார். ஒன்பது மாதம்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தபோது முகம் பேயறைந்தது போலிருந்தது. முந்தின நாள் மாலை அவர் பந்தல் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் லோகேஸ்வரிக்கு மூச்சுத் திணறல். இருபத்தேழு வயதுப் பெண், விமானச் சரக்கு நிறுவனம் ஒன்றில் குமாஸ்தா. வீட்டில் தனியாகச் சோறு வடித்து, முட்டை பொரித்துச் சாப்பிட்டிருக்கிறாள். அரை மணி நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு முதல் தடவை. டாக்டர் பேனா போன்ற ஓர் ஊசியைக் கொடுத்து, எப்போதும் கைவசம் இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

"முட்டை, உப்பு, பாமாயில், சோறு. இதுல எங்கேர்ந்து தம்பி எள்ளு வரும்?" கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "எண்ணெய்லதான் கலப்படம். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். எண்ணெய், மசாலா, பிஸ்கட்டு, உப்புகூட. மூனு பை."

பானையை மட்டும் அவர் தொடவில்லை. அது சுவாமியுடையது, தைப்பூசம் வரை யாரும் அதிலிருந்து சாப்பிடுவதில்லை என்பதால் அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

எனக்கு அந்த நிமிடத்தில் ஒரு சின்னப் பதைப்பு வந்தது உண்மை. ஏழாம் எண் அரிசியை அரைக்கிறாரே, அந்தத் தூசி துணியில் ஒட்டிப் போயிருக்குமோ? மேலங்கி போடுகிறார், முகமூடி போடுகிறார், குளித்துவிட்டுத்தான் போகிறார், வாய்ப்பே இல்லை என்று மனதுக்குள்ளேயே கணக்குத் தீர்த்துவிட்டேன். அந்த அரிசியில் என்ன இருக்கிறது என்று அன்றே சொல்லியிருக்கலாம். பயந்துபோய் வேலையை விட்டுவிடுவாரோ, நூருலிடம் போய் ஏதாவது கேட்பாரோ, என் விசா புதுப்பிக்கும் மாதத்தில் எதற்கு வம்பு என்றெல்லாம் தோன்றி வாயை மூடிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று காலை எட்டரை மணிக்குப் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சாலை முழுவதும் உடைத்த தேங்காயின் நீர். உறுமி மேளமும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. காவடிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு மழைமரத்தடிக்குப் போவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. குணவதி அக்கா மஞ்சள் புடவையில், கரண்டியோடு, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக நின்றார்.

"தம்பி! வாங்க வாங்க. இவ்வளவு லேட்டாவா வருவீங்க? முதல் அண்டா காலியாயிருச்சிலா. இது ரெண்டாவது, கடைல வாங்குன அரிசி. முதல்ல நேர்த்தி அரிசியத்தான் போடணும். அதுல கொஞ்சம் நம்ம லேப்பு அரிசி, தெரியுமா?"

பக்கத்தில் மேளம் அடித்ததால் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்ன லேப் அரிசி?"

"ஏழாம் நம்பரு. வீணா எரிக்கிறாங்களேன்னு மிச்சத்துலேர்ந்து பிடி பிடியா எடுத்து வச்சேன். எலி பங்குல கை வைக்கல, முருகன் மேல சத்தியமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." குரலைத் தாழ்த்திக் கண்ணைச் சிமிட்டினார். "சத்து கூடன்னு நீங்கதான சொன்னீங்க. வெரதம் இருந்து வர்ற புள்ளைங்களுக்கு நல்லதுதான?"

சுற்றிலும் பார்த்தேன். "லோகேஸ்வரி எங்கக்கா?"

"மேல. பால்குடம். இந்நேரம் அபிஷேகம் முடிஞ்சிருக்கும்."

"அவ இங்க எதுவும் சாப்பிட்டாளா?"

"வெரதத்துல எப்படிச் சாப்பிடுவா? பால் ஊத்திட்டு அங்கயே வெரதம் முடிக்கிறதுக்கு, கூடப் போன அவ சிநேகிதி மோகனா கையில முதல் அண்டாச் சோத்துப் பொட்டலம் குடுத்தனுப்பிட்டேன். வருஷா வருஷம் அப்படித்தான். வெளிச்சோறு தொடமாட்டாளே அவ." அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஏன் தம்பி?"

"அக்கா, அந்த அரிசில எள்ளு இருக்கு."

"என்ன உளறுறீங்க? நான் கண்ணால பாத்துதான அள்ளினேன். ஒரு எள்ளு கெடையாது."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா. எள்ளுல எது லோகேஸ்வரிக்கு ஒத்துக்காதோ அது மாதிரி ஒன்ன அந்த அரிசியே உள்ள உண்டாக்கிக்கும். அப்படித்தான் அந்த நெல்ல செஞ்சிருக்காங்க. சோறாக்கினாலும் போகாது."

கரண்டி அண்டாவின் விளிம்பில் மோதி உள்ளே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஒரு கணம் என்னை அந்த சாஸ் பாட்டிலைப் பார்த்த மாதிரி பார்த்தார். "அரிசிதான்னு சொன்னீங்களே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

கைப்பையில் தேடி லோகேஸ்வரியின் போனை எடுத்தார். மகள் பால்குடம் எடுக்கும்போது போனை அம்மாவிடம் கொடுத்திருந்தாள், அதனோடு ஊசியையும். மோகனாவுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்குப் போன் கேட்கும்?

பிச்சைமுத்து அண்ணன் விஷயத்தைப் புரிந்துகொண்டு இருவரையும் பந்தலின் பின்பக்கம் இழுத்தார்.

"மெதுவா பேசு குணவதி, சனம் பாக்குது. முதல் அண்டா முந்நூறு பேரு சாப்பிட்டுப் போயாச்சி, எவனுக்கு என்னா ஆச்சி? நீ ஓடிப்போய் உம் மகளப் பாரு. மத்தத வாயத் தொறக்காத."

"அண்ணே, மைக்க குடுங்க."

"பைத்தியமா உனக்கு? போலீசு வரும்லா. லேப்புலேர்ந்து எடுத்தேன்னு மைக்குல சொல்லப்போறியா? உனக்கும் வேலை போயிரும், இந்தத் தம்பிக்கும் போயிரும். அடுத்த வருஷம் இந்தப் பந்தல்ல எவன் கை நனைப்பான்?" என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவரு, சொல்லுங்க தம்பி."

அவர் சொன்னதில் என் வேலை பற்றிய பகுதி மட்டும் காதில் சுற்றிக்கொண்டிருந்தது.

குணவதி அக்கா பந்தலின் முன்பக்கம் கையை நீட்டினார். "அந்தப் போர்டப் பாத்துத்தானண்ணே வந்தாங்க. நாந்தான எழுதச் சொன்னேன்."

மைக்கை அவரே எடுத்துக்கொண்டார். கந்தனைப் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி ஒரு கீச்சலோடு நின்றது.

"எல்லாரும் கேளுங்க. நான் குணவதி பேசுறேன், இங்க சமைக்கிறவ. எள்ளு ஒத்துக்காதவங்க யாராச்சும் காலைல இங்க சாப்பிட்டிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. புள்ளைங்களுக்குக் குடுத்திருந்தா தூக்கிட்டு ஓடுங்க. சோத்துல எள்ளு மாதிரி ஒன்னு கலந்திருக்கு. நாந்தான் கொண்டாந்து போட்டேன். போர்டு பொய்யி. போர்ட நம்பாதீங்க."

அதையே உடைந்த மலாயில் ஒருமுறை சொன்னார். மைக்கை பிச்சைமுத்து அண்ணன் கையில் திணித்து, "நிறுத்தாம சொல்லிக்கிட்டே இருங்க" என்றார். பிறகு செருப்பில்லாத காலோடு ஓடத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது ஒரு பெண் தன் கையிலிருந்த தட்டையே வெறித்துக்கொண்டு நின்றிருந்தார். பிச்சைமுத்து அண்ணன் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். சிறிது தூரம் போன பிறகுதான் அவர் குரல் கேட்க ஆரம்பித்தது.

ஐந்நூறுக்கு மேல் படிகள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக ஆள்மேல் ஆள். "வழி விடுங்க, புள்ளைக்கு முடியல" என்று கத்திக்கொண்டே அவர் ஏறினார். முடியவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்படித்தான் கத்தினார். ஐம்பத்து மூன்று வயது, இரண்டு முழங்காலிலும் வலி. நூறு படிக்கு ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், உடனே மறுபடி ஏறினார். எதிரே இறங்கி வந்த முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மண்டபத்தின் பக்கவாட்டில், தூணோரம், மஞ்சள் உடையில் லோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம் விரிந்திருந்தது. மூன்று நான்கு கவளம் குறைந்திருந்தது. மோகனா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் லோகேஸ்வரி. குரல் தடித்திருந்தது. "நாக்கு அரிக்குதும்மா. ஆனா இது நம்ம சோறுதான?"

குணவதி அக்கா ஊசியின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். மகளின் தொடையில், பாவாடைக்கு மேலேயே குத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பத்து வரை எண்ணினார். ஏழு எண்ணும்போது லோகேஸ்வரியின் உதடு வீங்கத் தொடங்கிவிட்டதை நான் பார்த்தேன். எட்டும் ஒன்பதும் அவர் வாயில் நிற்கவேயில்லை.

முதலுதவிக்காரர்கள் தூக்குப்படுக்கையோடு வந்தார்கள். அந்தப் படிகளில் அவளை இறக்கிக்கொண்டு போக ஆன நேரத்தை நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

லோகேஸ்வரி பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அறிவிப்பைக் கேட்டு அன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போனவர்களில் நான்கு பேருக்குத் தடிப்பு. கூலிமிலிருந்து வந்த ஒருவர் ஓர் இரவு படுத்திருந்துவிட்டுப் போனார். எங்களுக்குத் தெரிந்தவரை வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. 'தெரிந்தவரை' என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. முந்நூறு பேரில் பெயர் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம்.

குணவதி அக்கா விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. எத்தனை பிடி, எந்தக் கிழமை, எந்த டப்பா எல்லாம் சொன்னார். நான் சொன்ன ஒரு வரியை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நானே எழுதிக் கொடுத்தேன், இரண்டு நாள் கழித்து. ஆய்வு நிறுத்தப்பட்டது. அவருக்கு வேலை போனது. கடைசி நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பதிமூனு என்ன ஆச்சி தம்பி?" என்று கேட்டார். எல்லா எலிகளையும் முறைப்படி முடித்துவிட்டார்கள் என்றேன். "ஓ" என்றார்.

டிசம்பர் விஷயம் ஆஸ்பத்திரியில்தான் வெளிவந்தது. அன்று வீட்டில் அரிசி தீர்ந்திருக்கிறது, வெளியே மழை. லோகேஸ்வரி முருகன் பானையிலிருந்து இரண்டு குவளை எடுத்துச் சமைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கடை அரிசியை வாங்கி அதே அளவு திருப்பிக் கொட்டியிருக்கிறாள். சாமி அரிசியில் கை வைத்ததற்கு அம்மா திட்டுவார் என்று சொல்லவில்லை. அவள் மறைத்தது இரண்டு குவளை. குணவதி அக்கா மறைத்தது ஒன்பது மாதப் பிடி. நான் மறைத்தது ஒரே ஒரு சொல்.

அதன் பிறகு லோகேஸ்வரி சோறு தின்பதை நிறுத்திவிட்டாள். ரொட்டி, கிழங்கு, பழம். எந்த அரிசியைப் பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது என்றாள். உண்மையிலேயே அரிசியே ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதா, பயமா என்று டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை. வார்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பார்த்துவிடலாம், மருந்தெல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கும் என்றார். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்தார்கள். குணவதி அக்கா என்னையும் வரச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சின்ன அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஊசி, குழாய்கள், உயிர்வாயு உருளை. எல்லோரும் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும் தாதி சுலைஹா ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தில் வெறும் சோறு கொண்டுவந்தாள். முதலில் அரைக் கரண்டி. பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு ஒரு கரண்டி.

குணவதி அக்கா பழக்கத்தில் எழுந்து கிண்ணத்துக்குக் கை நீட்டினார். லோகேஸ்வரி தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி குடுக்கட்டும்மா."

"நான் கைய நல்லா கழுவிட்டுத்தான்..."

"தெரியும்மா. உன்ன குறை சொல்லல. உன் கையப் பாத்தா வாய் தொறக்க மாட்டேங்குது. நான் என்னா பண்ணட்டும்?"

சுலைஹாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குணவதி அக்கா கையை இறக்கிக்கொண்டார். சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அரைக் கரண்டி உள்ளே போனது. லோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். சுலைஹா நேரத்தைக் குறித்தாள். ஐந்து நிமிடம். பத்து. நாக்கை நீட்டச் சொன்னாள், கையைத் திருப்பிப் பார்த்தாள், ஓகே என்றாள். பிறகு முழுக் கரண்டி.

ஆறாவது நிமிடத்தில் லோகேஸ்வரியின் கை கழுத்துக்குப் போனது.

குணவதி அக்கா நாற்காலி தரையில் கீச்சிட எழுந்து நின்றார். லோகேஸ்வரி வியர்வையில் ஒட்டியிருந்த முடியைக் கழுத்திலிருந்து ஒதுக்கிவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒன்னுமில்ல," என்றாள், யாரையும் பார்க்காமல்.

இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கியிருந்தது. குணவதி அக்கா உட்காரவில்லை.